மரமும் ரெசினும் சேர்ந்த கட்டிங் போர்டு: பினாங்கு ஈரத்தில் எப்படிச் செய்கிறீர்கள்?

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. ஜெலுத்தோங் பக்கம் இருக்கிறேன், மரவேலைக்குப் புதுசு. நடுவில் நீல ரெசின் (ஊற்றினால் இறுகிக் கெட்டியாகும் பிசின்) ஓடுகிற மாதிரி கட்டிங் போர்டு செய்யப் பார்க்கிறேன். பட்டர்வொர்த் மரக்கடை ஒன்றில் மிச்சத் துண்டாக மெர்பாவ் மரம் கிடைத்தது.

முதல் சந்தேகம் ஈரம். மரத்தின் ஈரப்பதம் 12 சதவீதத்துக்குள் இருந்தால்தான் ரெசின் ஊற்றலாம் என்கிறார்கள். நம் ஊர்க் காற்றில் சும்மா வைத்த மரம் அதற்கு மேலேயே நின்றுவிடுகிறது. ஏசி அறையில் அடுக்கி வைத்தால் இறங்குமா, சூளையில் உலர்த்திய மரம்தான் வாங்க வேண்டுமா?

பெரிய தலைவலி குமிழிதான். சோதனைத் துண்டில் ரெசினின் நடுப்பகுதி பளிச்சென்று இருக்கிறது. மரத்தை ஒட்டிய ஓரத்தில் மட்டும் குண்டூசித் தலை அளவுக் குமிழிகள், மரத்தின் துளைகளைப் பார்த்து வரிசையாக. உள்ளே இருக்கும் காற்று வெளியேறுகிறது, அது புரிகிறது. முதலில் மெல்லிய பூச்சு அடித்து, அது பிசுபிசுவென்று இருக்கும்போதே மீதியை ஊற்றினால் குமிழி வருவது நிற்குமா? குமிழியை உடைக்க ஹீட் கன் (சூடான காற்றை வீசும் கருவி) காட்டினால் மரம் சூடாகி இன்னும் காற்று விடுமோ என்று பயம்.

மெர்பாவ் நனைந்தால் செம்பழுப்புச் சாயம் விடும். சமையலறைக்கு ஆகுமா, இல்லை பேசாமல் ரப்பர் மரத்துக்கே மாறிவிடவா?

அப்புறம், ரெசின் மேல் கத்தி படுவது எனக்கே பிடிக்கவில்லை. நறுக்கும் பக்கம் முழுக்க மரம், ரெசின் கைப்பிடி ஓரத்தில் மட்டும் என்று யோசிக்கிறேன். மரத்தில் தடவுகிற மினரல் ஆயில் பினாங்கில் எங்கே வாங்குகிறீர்கள்? படம் இருந்தால் போடுங்கள்.