ரங்கூனா யாங்கோனா: 1989இல் மாறியது என்ன?

இரவாடி: பக்கத்து இழையில் ஒரு மேதை எழுதியிருக்கிறார்: "1989இல் ராணுவம் ரங்கூன் என்ற பர்மியப் பெயரை ஒழித்து யாங்கோன் என்று புதுப்பெயர் வைத்தது." அடித்துவிடுவதற்கும் ஓர் அளவு வேண்டாமா? யாங்கோன் என்பது 1755இல் பர்மிய மன்னர் அலௌங்பயா வைத்தது. மோன் இனத்தாரிடமிருந்து டகோனை (இந்த ஊரின் பழைய பெயர்) பிடித்ததும் 'பகை ஒழிந்தது' என்ற பொருளில் வைத்தார். 1989 ஜூன் சட்டம் ஆங்கில எழுத்துக்கூட்டலைத்தான் மாற்றியது. பர்மிய எழுத்தில் ஒரு சுழிகூட மாறவில்லை.

மரக்கலம்: அந்த மேதை நான்தான். உலக வரைபடத்தில் ஒரு பெயர் போய் இன்னொன்று வந்தால் அது பெயர் மாற்றம் இல்லையாம்! போன மாதம் மௌல்மேன் நகரத்தைப் பற்றிய இழையிலும் இதே வாய்தான்.

இரவாடி: மௌல்மேன் மௌலமியைன் ஆனதும், பெகு நகரம் பகோ ஆனதும் அதே சட்டத்தில்தான். பர்மியத்தில் எழுதுவது மாறவில்லை.

தாழை: பிறகு 'ர' எங்கிருந்து வந்தது?

இரவாடி: பர்மியத்தில் எழுதும் பெயரின் முதல் எழுத்து பழைய 'ர' ஒலிக்கு உரியது. பர்மியப் பேச்சில் அது 'ய' ஆகிவிட்டது. மேற்குக் கரையிலுள்ள அரக்கானில் இன்றும் 'ர'தான். அரக்கான் 1826லேயே ஆங்கிலேயர் கைக்குப் போனது, ரங்கூன் நிலையாகப் போனது 1852இல். ஆங்கிலத்து 'ர' அந்த வழியாக வந்திருக்கலாம்.

மரக்கலம்: ஆக எழுத்து 'ர'. அப்போது ரங்கூன்தான் சரி. நீங்களே சொல்லிவிட்டீர்கள், நன்றி!

இரவாடி: எழுத்து வேறு, ஒலி வேறு. எழுதுவது மாறவில்லை. இன்னும் எத்தனை தடவை சொல்ல?

கப்பித்தான்: விமானச் சீட்டில் இந்த ஊரின் குறியீடு இன்னும் ஆர்.ஜி.என். (RGN) தானே? ராணுவம் எதை ஒழித்தது?

இரவாடி: குறியீட்டை வைத்துப் பெயரை முடிவு செய்யாதீர்கள். ஹோ சி மின் நகரத்துக்கு இன்னும் எஸ்.ஜி.என். தான். ஆனால் சைகோன் 1976இல் வியட்நாமியத்திலேயே மாறியது. அதுதான் பெயர் மாற்றம். இங்கே எழுதுவது மாறவில்லை.

மரக்கலம்: பழம்பெருமைதான் முக்கியமென்றால் டகோன் என்றே திருப்பி வைத்திருக்கலாமே? மோன்களின் பெயர் என்று கசந்ததோ?

இரவாடி: ஷ்வேடகோன் பகோடாவில் அந்தப் பெயர் இருக்கிறது. வடக்கு டகோன், தெற்கு டகோன் என்று பேட்டைகளும் இருக்கின்றன. வரைபடத்தைத்தான் நம்புவீர்களே, அதையே பாருங்கள்.

தாழை: எதற்குச் சண்டை, தலைநகரம்தான் 2006இல் நேபிடோவுக்குப் போய்விட்டதே.

கப்பித்தான்: 2005.

தாழை: பெயர் அறிவித்தது 2006 மார்ச்சில்.

கப்பித்தான்: அலுவலகங்கள் கிளம்பியது 2005 நவம்பர் 6. பெயர் வைத்த நாளா கணக்கு?

மரக்கலம்: இரவாடியைக் கேளுங்கள், "எழுதுவது மாறவில்லை" என்பார்.

இரவாடி: மாறவில்லைதான்.