வயர் ஃபிராட்: இதில் கம்பி எங்கே வருகிறது?

மாடிவீட்டுக்காரன்:
கம்பி நீட்டுவது தெரியும், கம்பி எண்ணுவதும் தெரியும். கம்பி மோசடி என்றால் என்ன? அமெரிக்காவில் தெரானோஸ் கம்பெனியை நடத்திய எலிசபெத் ஹோம்ஸ் வழக்கைப் படித்தேன். ரத்தப் பரிசோதனை இயந்திரம் பற்றிப் பொய் சொன்னார், சரி. அதற்கு ஏன் ‘வயர் ஃபிராட்’ என்று பெயர்? வங்கி மூலம் பணம் அனுப்பியதாலா, அல்லது நம்ம 420-க்கு அங்கே அதுதான் பெயரா?

பழையகட்டு:
420 மாதிரிதான், கூடவே ஒரு கொக்கி. அமெரிக்காவில் சாதாரண ஏமாற்று வேலையை அந்தந்த மாநிலமே பார்த்துக்கொள்ளும், மத்திய அரசு உள்ளே நுழைய ஒரு வாசல் வேண்டும். 1872-ல் தபால் அந்த வாசலாக இருந்தது. ரேடியோ, டிவி எல்லாம் வந்த பிறகு 1952-ல் கம்பிக்கும் அலைக்கும் இன்னொரு சட்டம் போட்டார்கள். அதாவது குற்றம் என்பது பொய் சொல்லி அடுத்தவர் பணத்தையோ சொத்தையோ பறிக்கத் திட்டம் போடுவது, அதற்காகப் போன், மின்னஞ்சல், வங்கிப் பரிமாற்றம் ஏதாவது ஒன்று மாநில எல்லையைத் தாண்டினால் வயர் ஃபிராட்.

ஹோம்ஸ் வழக்கில் நிரூபணமான மூன்று வயர் ஃபிராட் குற்றங்களும் 2014-ல் முதலீட்டாளர்கள் அனுப்பிய மூன்று தொகைகள்தான்: சுமார் 3.8 கோடி டாலர், 10 கோடி, 60 லட்சம். ஒவ்வொரு பரிமாற்றமும் தனிக் குற்றம், அதனால்தான் உங்களுக்கு வங்கி ஞாபகம் வந்திருக்கும். ஆனால் அதே குற்றப்பத்திரிகையில் நோயாளிகளுக்குப் போன பரிசோதனை முடிவுகளும் ‘வயர்’ என்றே இருந்தன (அவற்றில் ஜூரி அவரை விடுவித்துவிட்டது).

சந்தேகசாமி:
எதிராளி உஷாராகிக் காசே கொடுக்கவில்லை என்றால் தப்பித்துவிடலாமா சார்?

பழையகட்டு:
முடியாது. யாரும் நிஜமாக ஏமாந்திருக்க வேண்டும் என்றோ பணம் போயிருக்க வேண்டும் என்றோ அவசியமில்லை. ஏமாற்றும் எண்ணம் இருக்க வேண்டும், சொன்ன பொய்யும் கேட்பவர் முடிவை மாற்றக்கூடிய பொய்யாக இருக்க வேண்டும். 1999-ல் நீடர் என்பவர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. உச்சபட்சத் தண்டனை பொதுவாக 20 வருடம், 2002 வரை அது வெறும் 5.

ஓரத்துஇருக்கை:
பொய் சொன்னாலே மாட்டிக்கொள்வார்கள் என்றும் இல்லை. 2013-ல் நியூஜெர்சியில் ஃபோர்ட் லீ மேயர் ஆளுநருக்குத் தேர்தலில் ஆதரவு தரவில்லை என்ற கடுப்பில், ஆளுநரின் ஆட்கள் ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தில் அந்த ஊருக்கான மூன்று வழிகளில் இரண்டை, அதுவும் பள்ளி திறந்த நாளாகப் பார்த்து, அடைத்துவிட்டார்கள். நான்கு நாள் ஊரே நெரிசலில் நின்றது. கேட்டால் ‘போக்குவரத்து ஆய்வு’ என்றார்கள், அது பச்சைப் பொய். கீழ் நீதிமன்றத்தில் வயர் ஃபிராட் தண்டனை கிடைத்தது, 2020-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ரத்து செய்தது. அவர்கள் குறி வைத்தது மேயரைப் பழிவாங்க, யாருடைய பணத்துக்கும் சொத்துக்கும் இல்லையாம்.