ஆராதனை வேளையில் காணொலி: எல்லையை எங்கே வகுப்பது?

கேள்வி – ஆராதனைக் குழு உறுப்பினர்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். பாடல் வரிகளையும் வேதவசனங்களையும் காட்டுவதற்கென்று எங்கள் சபையில் வைக்கப்பட்ட திரை, இப்போது மெல்ல மெல்ல வேறு பணிகளுக்கும் இழுக்கப்பட்டு வருகிறது. பாடலின் பின்னணியில் கடலும் மேகமும் ஓடுகின்றன. பிரசங்கத்தின் நடுவே சிறு காணொலிகள் வேண்டும் என்று வாலிபர்கள் கேட்கிறார்கள். பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாடுகளைச் சித்திரிக்கும் திரைப்படக் காட்சி ஒன்றைக் காட்டலாம் என்ற யோசனையும் எழுந்திருக்கிறது. மூத்தவர்கள் சிலரோ, "விக்கிரகத்தை வாசல் வழியாக அனுப்பிவிட்டு ஒயர் வழியாக உள்ளே அழைக்கிறோம்" என்று வருந்துகிறார்கள். நெறிமுறை ஒன்றை எழுதித் தரும் பொறுப்பு எங்கள் குழுவிடம் வந்துள்ளது. எதை அனுமதிப்பது, எதை விலக்குவது என்பதற்கு வேதத்திலும் அனுபவத்திலும் வேரூன்றிய அளவுகோல் ஏதேனும் உண்டா?

பதில் 1 – போதகர் ஒருவர்

விக்கிரகத்தை உண்டாக்க வேண்டாம் என்று கட்டளையிடும் யாத்திராகமம் 20:4ஐ மட்டும் எடுத்துக்கொண்டால் இந்த வழக்கு தீராது. அந்தக் கட்டளையைப் பெற்ற மோசேயிடமே வெண்கல சர்ப்பத்தைக் கம்பத்தின்மேல் உயர்த்தும்படி கர்த்தர் சொன்னார் (எண்ணாகமம் 21). பல நூற்றாண்டுகளுக்குப் பின், மக்கள் அதற்குத் தூபங்காட்டி வந்ததால், எசேக்கியா ராஜா அதே சர்ப்பத்தை உடைத்துப்போட்டான் (2 இராஜாக்கள் 18:4). எசேக்கியேல் செங்கல்லின்மேல் எருசலேமை வரைந்தான். எரேமியா மண்கலசத்தை மக்கள் கண்முன் உடைத்தான். அகபு என்ற தீர்க்கதரிசி பவுலின் கச்சையால் தன் கைகால்களைக் கட்டிக் காட்டினான். இவை ஒவ்வொன்றையும் தொடர்ந்து, காட்டப்பட்டதன் பொருளைச் சொல்லும் வார்த்தையும் வந்தது என்பதைக் கவனியுங்கள்.

திருச்சபையும் இதில் ஒருமனமாய் இருந்ததில்லை. படங்களை உடைத்த மர்சேய் ஆயருக்கு, எழுத்தறியாதவர்கள் சுவரிலாவது வாசிக்கட்டும் என்ற கருத்தில் போப்பு முதலாம் கிரெகோரி கி.பி. 600ஐ ஒட்டி எழுதினார். 787இல் கூடிய இரண்டாம் நிசேயா திருச்சபைச் சங்கம் திருவுருவங்களுக்குச் செலுத்தும் மரியாதையை ஏற்றது. சீர்திருத்தக் காலத்தில் சூரிச் நகரத்து ஆலயங்களிலிருந்து 1524இல் படங்கள் அகற்றப்பட்டன. 1563இல் வெளியான, சீர்திருத்த சபைகளின் போதனை நூலான ஹைடல்பெர்க் வினாவிடையோ, கிரெகோரியின் அந்த வாதத்தையே எடுத்து, ஊமைப் படங்களால் அன்றி ஜீவனுள்ள பிரசங்கத்தால் கற்பிக்கப்படுவதே தேவசித்தம் என்று மறுத்தது. ஆகவே உங்கள் மூத்தவர்களின் அச்சத்தைப் பழமைவாதம் என்று தள்ளிவிட வேண்டாம்.

திரையில் ஒரு படமோ காணொலியோ ஓடும்போது சபையார் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று நான் கேட்பேன். பாடுவதற்கோ வசனத்தைப் புரிந்துகொள்வதற்கோ அது துணை நின்றால் இருக்கட்டும். ஜெபம், பாவ அறிக்கை, திருவிருந்து ஆகிய வேளைகளில் திரை அணைந்திருக்க வேண்டும். திருவிருந்து போன்ற திருவருட்சாதனத்தைக் காணக்கூடிய வார்த்தை என்றார் பழங்கால ஆயர் அகுஸ்தீன். மேசையில் அப்பம் இருக்கையில் அப்பத்தின் படத்துக்கு அங்கே என்ன வேலை? சிலுவைக் காட்சியைப் பொறுத்தவரை, ஒரு நடிகரின் முகம் மனத்தில் பதிந்துவிட்டால் கண்மூடி ஜெபிக்கும்போதும் அதுவே வந்து நிற்கும். அதைத் தனிக் கூட்டமாக, கலந்துரையாடலோடு வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 2 – ஒலி, ஒளிப் பணியில் இருப்பவர்

இறையியலைப் போதகர் ஐயா சொல்லிவிட்டார். ஆனால் நெறிமுறைகள் பெரும்பாலும் காகிதத்தில் தோற்பதில்லை, கணினி மேசையில்தான் தோற்கின்றன. ஒரு ஸ்லைடில் நான்கு வரிக்கு மேல் வேண்டாம். கடைசி வரியின் கடைசிச் சொல்லைச் சபை பாடத் தொடங்கும்போதே அடுத்த ஸ்லைடு வந்துவிட வேண்டும். பாடி முடித்தபின் மாற்றினால் அடுத்த அடியின் முதல் சொல்லைப் பாதிப் பேர் விழுங்கிவிடுவார்கள். அசையும் பின்னணியின்மேல் எழுத்தை வைத்தால் முதியோருக்கு வாசிப்பது பெரும்பாடு. பகல் வெளிச்சம் விழும் அரங்கில் புரொஜெக்டரால் கருமையை உண்டாக்க முடியாது. ஒளி விழாத இடத்தில் திரையின் வெண்மையே தெரியும் என்பதால், இருண்ட காட்சிகள் வெறும் சாம்பல் நிறமாகிவிடும். பெரிய வெள்ளிக் காட்சி இறையியலுக்கு முன்பே இங்கே அடிபட்டுப்போகலாம்.

காணொலியை இணையத்திலிருந்து நேரடியாக ஓட்டாதீர்கள். இணைப்பு தடைபடுவது ஒருபுறம் இருக்க, பிரசங்கத்தின் நடுவே சோப்பு விளம்பரம் வந்து நிற்கும். உரிமையாளரின் அனுமதியோடு பெற்ற கோப்பைக் கணினியில் வைத்து, அதே ஒலிபெருக்கியில் முன்கூட்டியே ஓட்டிப் பார்த்துவிடுங்கள். யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பாடல்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத குறிகளாக நிற்கும். ஒரு நொடியில் மூன்று முறைக்கு மேல் மினுக்கும் காட்சிகள் வலிப்பு நோயுள்ளவர்களைப் பாதிக்கக்கூடும், அவற்றைத் தவிருங்கள். பாடல் வரிகளைக் காட்டும் உரிமம், நேரலைக்கான உரிமம், திரைப்படக் காட்சிக்கான உரிமம் ஆகியவை பொதுவாக வெவ்வேறு. வீட்டில் பார்ப்பதற்குக் கட்டிய சந்தா சபையில் காட்டும் உரிமையைத் தராது.

பதில் 3 – சபை மூப்பர்

போதகருடைய அளவுகோலை ஏற்கிறேன். ஆனால் திருவிருந்து வேளையில் திரை அணைந்தே இருக்க வேண்டும் என்பதை ஏற்கத் தயங்குகிறேன். தூணுக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர் மேசையையே காண்பதில்லை. காது கேளாதவருக்குத் திரையின் எழுத்தே பிரசங்கம். அவர்களுக்கும் பங்கு வேண்டாமா? மறுபுறம், திரையில் உள்ளதைப் பார்க்க இயலாதவர்களுக்காக, "இதில் காண்பதுபோல" என்று சொல்லிக் கடந்துவிடாமல், காண்பது இன்னதென்று பேச்சாளர் வாயால் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, திரையைப் பழகிய சபையில் பாட்டுப் புத்தகம் வீட்டுக்குப் போவதில்லை. நோயாளியின் படுக்கையருகே பாட வேண்டி வரும்போது இரண்டாம் சரணம் யாருக்கும் நினைவுக்கு வராது. புத்தகத்தையும் விட்டுவிடாதீர்கள்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. மேசையை நேரலையாகத் திரையில் காட்டினால், போதகர் ஐயா அதை ஏற்பீர்களா?

போதகர்

மூப்பர் சொன்ன காரணத்துக்காக ஏற்கலாம். படம் மேசையளவில் நிற்கட்டும். பெற்றுக்கொள்பவர்களின் முகங்களுக்குக் கேமரா திரும்பக் கூடாது. பந்தி பரிமாறத் தொடங்கியதும் திரையை அணைத்துவிடுங்கள். அந்த ஒளிபரப்பு இணையத்துக்கும் செல்கிறது என்றால், சிறுபிள்ளைகள் படத்தில் வருவதற்குப் பெற்றோரின் எழுத்துமூலமான சம்மதத்தையும் உங்கள் நெறிமுறையில் சேர்த்துவிடுங்கள்.