ஐந்து நிமிடக் கடல்

குழு: முட்டம் வீட்டுச் சொந்தங்கள்
சனிக்கிழமை, ஜனவரி

[இரவு 7:52] ரீட்டா: 📷 படம்

[7:52] ரீட்டா: இன்று சாயங்காலம் நம் முட்டம் பாறையில் எடுத்தேன். ஒரே படம்தான். எதையும் வெட்டி ஒட்டவில்லை.

[7:55] ஜான்சி மாமி: அலை எங்கே மக்களே? பாறையைச் சுற்றிப் பால் ஆவி மாதிரி நிற்கிறது. நம் கடலில் என்றைக்குப் பனி விழுந்தது?

[7:56] ஆன்றோ: ஏதாவது ஆப்பில் போட்டு எடுத்தாயா?

[8:01] ரீட்டா: இல்லை அண்ணா. ஷட்டரை 5 நிமிடம் திறந்தே வைத்தேன், அவ்வளவுதான். அலைக்கு அலை சுமார் 12 விநாடி இருந்தது, வாட்சைப் பார்த்து எண்ணினேன். அப்படியானால் இந்த ஒரு படத்துக்குள் 25 அலை இருக்கிறது. ஒன்றின் மேல் ஒன்று விழுந்ததால் தனி அலையாகத் தெரியவில்லை.

[8:03] ஆன்றோ: 5 நிமிடம் திறந்து வைத்தால் எல்லாம் வெளுத்துப் போகாதா?

[8:11] ரீட்டா: அதற்குத்தான் லென்ஸுக்கு முன்னால் என்டி ஃபில்டர் என்று ஒரு கறுப்புக் கண்ணாடி. கையில் பிடித்துப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. இதன் அடர்த்தி 10 ஸ்டாப், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தைத்தான் உள்ளே விடும். கண்ணாடி இல்லாமல் கால் விநாடி திறந்தால் போதும் என்று கேமரா காட்டியது. போட்ட பிறகு 4 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் வர வேண்டும். ஆனால் நம் பக்கம் சூரியன் இறங்கினால் இருபது சொச்சம் நிமிடத்தில் இருட்டிவிடுகிறது. படம் பதிவாகிற நேரத்துக்குள்ளேயே வெளிச்சம் குறையும். அதனால் 5 நிமிடம் கொடுத்தேன். கேமராவின் ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துவாரம் எஃப் 11.

கண்ணாடியைப் போட்ட பிறகு கேமராவுக்கும் கண் தெரியாது. முன்பே ஃபோகஸ் வைத்து, மேனுவலுக்கு மாற்றிவிட வேண்டும். டிரைபாடின் ஒரு காலைப் பாறை வெடிப்பில் இறுக்கி வைத்தேன். மணலில் வைத்தால் ஒவ்வொரு அலையும் காலடி மணலை அரித்துக்கொண்டு போகும், படம் அசைந்துவிடும்.

[8:13] ரீட்டா: போன வாரம் ஏசி அறையிலிருந்து நேராகக் கொண்டுபோய், லென்ஸ் முழுக்க ஆவி படிந்து ஒரு படம்கூடக் கிடைக்கவில்லை. இன்று ஒரு மணி நேரம் முன்பே பையைத் திண்ணையில் வைத்துவிட்டேன்.

[8:14] சின்னம்மா: அதெல்லாம் சரி. நீ எந்தப் பாறையில் நின்றாய், அதைச் சொல்.

[8:16] ரீட்டா: மேல் பாறை, சின்னம்மா. காய்ந்து வெளுத்திருக்கும் இடம். கறுத்து, பச்சைப் பாசி பிடித்த பாறையில் கால் வைக்கவே இல்லை. அலை அங்கே வரும் என்று அந்த நிறமே சொல்லுமே. வந்ததும் முதலில் பத்து நிமிடம் சும்மா நின்று, பெரிய அலை எதுவரை ஏறுகிறது என்று பார்த்தேன்.

[8:17] சின்னம்மா: கள்ளக்கடல் அப்படிப் பத்து நிமிடம் பார்த்தெல்லாம் வராது.

[8:19] ரீட்டா: ஆமாம். தெற்கே எங்கோ இந்தியப் பெருங்கடலில் புயலடித்துக் கிளம்பிய அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் வந்து ஏறிவிடும். அதனால்தான் கிளம்பும் முன் இன்கோயிஸ் என்ற அரசுக் கடல் தகவல் மையத்தின் எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறேன். இருந்தால் போக மாட்டேன்.

[8:31] ஆன்றோ: பெரியப்பா என் போனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டுகிறேன்.

[8:34] ஆன்றோ (பெரியப்பா): மக்களே, படத்தில் வலது பக்கம், பெரிய பாறைக்கு அப்பால் தண்ணீருக்குள் ஒரு வெள்ளைத் திட்டு இருக்கிறதே, அங்கே பாறை வெளியே தெரியாது. ஆனால் கீழே ஒரு ‘பார்’, அதாவது நீருக்குள் மூழ்கிய பாறைத் திட்டு, இருக்கிறது. சிப்பி எடுக்கச் சின்ன வயதில் அங்கே முங்கியிருக்கிறேன். கோயில் கோபுரத்தையும் மலையையும் நேர் வைத்துக் குறி பார்த்துத்தான், அதற்குக் கணியம் என்போம், அந்த இடத்தைப் பிடிப்போம். உன் படத்தில் அது அப்படியே விழுந்திருக்கிறது.

[8:36] ரீட்டா: பெரியப்பா! அந்தத் திட்டு என்னவென்று தெரியாமல் அழித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

[8:37] ஆன்றோ (பெரியப்பா): அழிக்காதே. ஒரு அலை எங்கே வேண்டுமானாலும் உடையும். 25 அலையும் ஒரே இடத்தில் உடைந்தால் அங்கே அடி ஆழம் குறைவு.

[8:44] ரீட்டா: இதையேதான் அமெரிக்காவில் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராப் ஹோல்மன் என்ற கடலியலாளர் செய்தார். கரையில் உயரமான இடத்தில் கேமராவை வைத்து, 10 நிமிடக் கடலை ஒரே படமாக்குவார்கள். ஆர்கஸ் என்று பெயர். அலை உடையும் இடம் வெள்ளைப் பட்டையாக வரும், அதை வைத்து நீருக்குள் இருக்கும் மணல் திட்டு எங்கே இருக்கிறது, நாளுக்கு நாள் எப்படி நகர்கிறது என்று கண்டுபிடிக்கிறார்கள்.

[8:49] ஆன்றோ (பெரியப்பா): அப்படியானால் இடது பக்கத்தையும் பார். மணல் கரையை ஒட்டி வெள்ளைப் பட்டை போகிறது, நடுவில் ஒரு இடத்தில் அறுந்து கறுப்பாக இருக்கிறது. வெளியூர்ப் பிள்ளைகள் அலை இல்லையே என்று அந்த இடத்தில்தான் இறங்குவார்கள். அலை கொண்டுவந்து கொட்டிய தண்ணீரெல்லாம் அந்த வழியாகத்தான் திரும்பிப் போகும். ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

[8:50] ஜான்சி மாமி: மாதாவே.

[8:52] ஆன்றோ: அண்ணன் மகன் போன மாதம் குளித்தது அங்கேதான். பக்கத்தில் இருந்தவர்கள் கூப்பிட்டுக் கரையேற்றினார்கள். இந்தப் படத்தை அவனுக்கு இப்போதே அனுப்புகிறேன்.

[8:55] ரீட்டா: மாதம் ஒரு முறை அதே வெடிப்பில் டிரைபாடை வைத்து இதே படத்தை எடுக்கிறேன் பெரியப்பா. ஆடியில் கடல் கொந்தளிக்கும்போது கரைமேல் தள்ளி நின்று எடுக்கலாம். மணல் போய்விட்டால் அந்தக் கறுப்பு வழி இடம் மாறும் இல்லையா?

[8:57] ஆன்றோ (பெரியப்பா): மாறும். பார் மாறாது, அந்த வழி மாறும். படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டு வா. நாளைக்குப் பூசை முடிந்து வீட்டில்தான் இருப்பேன்.

[8:58] ரீட்டா: நாளை ஸ்டுடியோ இருக்காது. திங்கள் சாயங்காலம் கொண்டு வருகிறேன்.

[9:00] ஆன்றோ (பெரியப்பா): சரி. ஒரு சிவப்புப் பேனாவும் எடுத்து வா. அங்கே இருக்கிற ஒவ்வொரு பாருக்கும் பெயர் உண்டு. எழுதித் தருகிறேன்.