கேஸ் ஓவன் கதவுலேர்ந்து தண்ணி சொட்டுது, உள்ள ஒண்ணுமே வைக்கல!

நாகர்கோவில்_பேக்கர்
வணக்கம் மக்களே. எங்க வீட்ல மேல நாலு பர்னர் கீழ ஓவன் இருக்குற குக்கிங் ரேஞ்ச், சிலிண்டர்லதான் ஓடுது. கிறிஸ்துமஸ் கேக் ஆர்டர் எடுத்திருக்கேன், ப்ரீஹீட் போட்ட கொஞ்ச நேரத்துலயே கதவுக் கண்ணாடி முழுக்க ஆவி படிஞ்சு அப்புறம் தண்ணியா வழிஞ்சு தரையில சொட்டுது, கீழ துணி போட்டு வைக்கிற அளவுக்கு. உள்ள ட்ரே கூட கிடையாது, காலி. ஒரு கால் மணி நேரம் போனா தானா நின்னுடுது. சர்வீஸ்ல கேட்டா கதவையே மாத்தணும்னு பெரிய தொகையா சொல்றாங்க. தண்ணி பைப்பே இல்லாத சாமான்ல தண்ணி எங்கேர்ந்துங்க வருது??

ஓடிஜி_ரசிகை
கேஸ்கெட், அதான் கதவு இடுக்க அடைக்கிற பட்டை, போயிருக்கும்க்கா. சூடு தாங்குற சிலிக்கான் வாங்கி கதவ சுத்தி அடைச்சிருங்க, முடிஞ்சுது. எங்க வீட்ல ஓடிஜி, கரண்ட்ல ஓடுற சின்ன ஓவன், காலியா சூடு பண்ணா ஒரு பொட்டு தண்ணி வராது.

கெமிஸ்ட்ரி_வாத்தியார்
சிலிக்கான் வேண்டாம்மா, அவசரப்படாதீங்க. உங்க ஓடிஜில வராததுக்கும் இவங்களுக்கு வர்றதுக்கும் ஒரே காரணம்தான், அங்க தீ இல்ல, இங்க இருக்கு. எல்பிஜின்னா புரொப்பேனும் பியூட்டேனும், அதுல இருக்குற ஹைட்ரஜன் காத்துல உள்ள ஆக்ஸிஜனோட சேந்து எரியும்போது தண்ணிதான் உண்டாகும், ஆவியா. 1 கிலோ கேஸ் எரிஞ்சா ஒன்றரை கிலோவுக்கு மேல தண்ணி, நம்ம வீட்டு 14.2 கிலோ சிலிண்டர் தீர்றதுக்குள்ள 20 லிட்டருக்கு மேல வந்திருக்கும், நாம பாக்குறதில்ல அவ்வளவுதான். மேல பர்னர்ல எரிச்சா காத்தோட போயிடுது, ஓவன் மூடின பெட்டி. உள்ள ஆவி, கண்ணாடியும் தகரமும் இன்னும் ஜில்லுன்னு, ஐஸ் தண்ணி ஊத்துன டம்ளர் வேர்க்குற மாதிரி வேர்க்குது. கண்ணாடி நல்லா சூடானதும் ஆவி அதுல படியாது, வென்ட்ங்கிற காத்துப் போற ஓட்டை வழியா வெளிய போயிடும். அதான் கால் மணி நேரத்துல நிக்குது. டிசம்பர் மழை ஈரமும் சேந்தா கொஞ்சம் கூடத்தான் தெரியும்.

கேட்டீங்களே, இது லீக்கே இல்லம்மா.

ரிப்பேர்_அண்ணாச்சி
வாத்தியார் சொன்னது சரி. நான் ரேஞ்ச் வேலை பாக்குறவன், கதவ மாத்துனாலும் சொட்டும், காச வீணாக்காதீங்க. நிறைய மாடல்ல கதவோட அடிப்பக்கம் கேஸ்கெட்டே வச்சிருக்க மாட்டான், தீ எரிய காத்து உள்ள போகணும்ல, அத பிஞ்சு போச்சுன்னு நெனச்சு சிலிக்கான் போட்டு அடைச்சா தீ மூச்சுத் திணறும், கார்பன் மோனாக்சைடு வரும், அதுக்கு வாசனையே கிடையாது. அந்த வேலை மட்டும் வேண்டாம் தாயி.

நீங்க பாக்க வேண்டியது வேற. கேக் வழிஞ்சா அழுக்காகும்னு ஓவன் அடித்தட்டுல அலுமினிய ஃபாயில் விரிச்சிருக்கீங்களா? அங்க இருக்குற ஓட்டை வழியாத்தான் சூடும் காத்தும் மேல வரும், அத மூடக்கூடாது. பின்னாடி மேல வென்ட் இருக்கும், அதுக்கு எதிர்ல பாத்திரம் டப்பா எதையும் சாத்தி வைக்காதீங்க. தீ நீலமா இருக்கான்னு பாருங்க, மஞ்சளா தூங்குனாப்புல எரிஞ்சாலோ கரி படிஞ்சாலோ அணைச்சுட்டு பர்னர சுத்தம் பண்ண ஆள் கூப்பிடுங்க. பக்கத்துலயும் மேலயும் கேஸ்கெட் சரியா இருக்கான்னு தெரியணும்னா, ஓவன் ஆறியிருக்கும்போது ஒரு தாள வச்சு கதவ மூடி இழுங்க, தாராளமா வந்துச்சுன்னா அந்த எடம் தளர்வு. கேஸ்கெட் மட்டும் தனியா கிடைக்கும்.

சொட்டுறத கொறைக்கணும்னா பத்த வச்ச முதல் அஞ்சு நிமிஷம் கதவ ஒரு விரல் அளவு தெறந்து வச்சு, ஜன்னலையும் தெறந்து, பக்கத்துலயே நின்னு பாத்துட்டு அப்புறம் மூடுங்க. சின்னப் பிள்ளைங்க இருந்தா அந்தப் பக்கம் விடாதீங்க.

நாகர்கோவில்_பேக்கர்
ரொம்ப நன்றி அண்ணாச்சி, சார். ஃபாயில் இல்ல, ஆனா வென்ட்டுக்கு முன்னாடி கேக் டின் அடுக்கு இருந்துச்சு, எடுத்துட்டேன். தீ நீலம்தான். கதவ லேசா தெறந்து வச்சு பாத்தேன், கண்ணாடியில பனி மாதிரி படியுது ஆனா தரை வரைக்கும் வரல. தாள் மேல் மூலையில சும்மா வழுக்கிட்டு வருது, அந்த கேஸ்கெட் மட்டும் சொல்லி வச்சிருக்கேன்.

ஓடிஜி_ரசிகை
அடேயப்பா, கேஸ் எரிஞ்சா தண்ணியா! சரி அப்போ அந்த ஈரத்துல நான்கட்டாய் நமத்துப் போகாதா?

நாகர்கோவில்_பேக்கர்
ப்ரீஹீட்ட நல்லா முடிச்சுட்டு வச்சா மொறுமொறுன்னுதான் வருது. ஓடிஜில வர்ற செவப்பு மட்டும் கொஞ்சம் லேட்டா வரும், கடைசி நேரத்துல ட்ரேய மேல் கம்பிக்கு மாத்திடுவேன்.