‘ஸ்டியரிங் உண்டு’ன்னு எழுதினா போதுமா? பழைய ஆர்கேட் கார் கேம்களுக்கு ஒரு பட்டியல்

பெடல்பாண்டி:
மேம் எமுலேட்டரில் (பழைய ஆர்கேட் கேமைக் கம்ப்யூட்டரில் ஓட்டுற மென்பொருள்) ஓடுற பழைய கார் கேம்களுக்கு, கடையில் காசு போட்டு ஆடின அசல் கேபினெட்டில் என்னென்ன இருந்ததுன்னு ஒரு பட்டியல் தொடங்கியிருக்கேன். நாலே கட்டம்: கேம், ஸ்டியரிங், பெடல், கியர். ரெண்டு வரி மாதிரிக்கு:

அவுட்ரன், சேகா, 1986: ஸ்டியரிங் உண்டு, பெடல் 2, கியர் 2.
சூப்பர் ஸ்பிரிண்ட், அடாரி, 1986: ஸ்டியரிங் உண்டு, பெடல் 1, கியர் இல்லை.

வீட்டில் வீல் வச்சிருக்கறவங்க இதைப் பார்த்து அமைச்சுக்கலாம். விட்டுப்போனது இருந்தா சொல்லுங்க.

சுற்றுவீல்:
அந்த ரெண்டு ‘உண்டு’வும் ஒண்ணில்லை அண்ணே. அவுட்ரன் வீல் ஒரு பக்கமா கொஞ்ச தூரம் போய் முட்டி நிக்கும். அடியில் இருக்கறது பழைய ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி ஒரு பாட். வீல் இப்ப எந்த இடத்தில் இருக்குன்னு கேமுக்குத் தெரியும். சூப்பர் ஸ்பிரிண்ட் வீல் முட்டவே முட்டாது, நாள் பூரா ஒரே பக்கம் சுத்தலாம். உள்ளே துளை போட்ட தட்டும் ஒளி சென்சாரும், நம்ம பழைய உருண்டை மவுஸில் இருந்த அதே சங்கதி. வீல் எவ்வளவு நகர்ந்ததுன்னுதான் தெரியுமே தவிர, எங்க நிக்குதுன்னு அதுக்குத் தெரியாது.

என்கிட்ட கம்ப்யூட்டரில் மாட்டுற 900 டிகிரி வீல் இருக்கு, ரெண்டரைச் சுத்தில் முட்டிடும். சூப்பர் ஸ்பிரிண்டைப் போட்டு, லேசா இடது பக்கம் திருப்பி அப்படியே பிடிச்சேன். கார் பம்பரமாச் சுத்த ஆரம்பிச்சுடுச்சு. நான் வீலை ஆட்டாம வச்சிருக்கேன், எமுலேட்டர் அந்தச் சாய்வையே ‘இவ்வளவு வேகத்தில் திருப்பிக்கிட்டே இருக்கான்’னு எடுத்துக்குது. கடைசியில் மவுஸை எடுத்து ஆடினேன். வளைவெல்லாம் வெண்ணெய் மாதிரி வந்தது. உங்க பட்டியலை நம்பி ஒருத்தன் வீல் வாங்கினா அவன் கதி இதுதான்.

பெடல்பாண்டி:
ஏத்துக்கறேன். ஆனா அதுக்குத் தனிக் கட்டம் எதுக்கு? மேலேயிருந்து பார்க்கிற கேம்னா சுத்துற வீல், காருக்குப் பின்னாலேயிருந்து பார்க்கிறதுன்னா முட்டுற வீல். திரையைப் பார்த்தாலே தெரிஞ்சுடும்.

சுற்றுவீல்:
போல் பொசிஷன், நாம்கோ, 1982. காருக்குப் பின்னாலேயிருந்துதான் பார்க்கறோம். வீல் முட்டாது.
நைட் டிரைவர், அடாரி, 1976. ஓட்டுறவன் கண்ணால பார்க்கிற கேம். அதுவும் முட்டாது.

தச்சுமேசை:
போல் பொசிஷனைத் தொட்டதால நானும் வர்றேன். நின்னுக்கிட்டு ஆடுற கேபினெட்டில் ஆக்சிலரேட்டர் மட்டும்தான். உட்கார்ந்து ஆடுற காக்பிட்டில் பிரேக்கும் உண்டு. பாண்டி, உங்க பட்டியலில் போல் பொசிஷனுக்கு ‘பெடல் 2’ன்னு இருக்கே, எதைப் பார்த்து எழுதினீங்க?

பெடல்பாண்டி:
எமுலேட்டர் மெனுவில் பிரேக் இருந்தது. அதை வச்சுதான்.

தச்சுமேசை:
அங்கதான் கோளாறு. மெனு காட்டுறது கேமோட சர்க்யூட் போர்டு எதையெல்லாம் வாங்கிக்கும்ங்கறதை. கடையில் நின்னவன் காலுக்கு எது எட்டுச்சுங்கறது வேற கேள்வி. வரி கேமுக்கு ஒண்ணுன்னு இருக்கக் கூடாது, கேபினெட்டுக்கு ஒண்ணுன்னு இருக்கணும்.

பெடல்பாண்டி:
நல்லா இருக்கு. அப்ப நின்னு ஆடுறது, உட்கார்ந்து ஆடுறது, டீலக்ஸ்னு ஒவ்வொரு கேமும் மூணா விரியும். யார் நிரப்பறது, உங்க தாத்தாவா? 1993 ரிட்ஜ் ரேசருக்கு நிஜ மஸ்டா காரையே திரைக்கு முன்னால நிறுத்தின மாடல் ஒண்ணு உண்டு. அதுக்கு என்ன எழுதச் சொல்றீங்க? ‘கட்டுப்பாடு: ஒரு மஸ்டா’ன்னா? பாதி நிரம்பின பெரிய பட்டியலைவிட முழுசா நிரம்பின சின்னப் பட்டியல் மேல்.

ரோம்தேடி:
ரெண்டு பேரும் எதுக்குக் கையால எழுதறீங்க? மேமில் லிஸ்ட்எக்ஸ்எம்எல் கட்டளையைக் கொடுத்தா ஒவ்வொரு கேமுக்கும் டயலா, பேடிலா, பெடலான்னு அதுவே கக்கிடும். டயல்னா சுத்துறது, பேடில்னா முட்டுறது. எவ்வளவு திருப்பினா எவ்வளவு நகரணும்ங்கற சென்சிடிவிட்டி எண்கூட வரும். பத்து நிமிஷ வேலை.

சுற்றுவீல்:
டயல், பேடில் வரைக்கும் சரி, அதை எடுத்துக்கலாம். அந்தச் சென்சிடிவிட்டி எண்ணை மட்டும் ‘அசல்’னு எழுதிடாதீங்க. கீபோர்டிலும் மவுஸிலும் ஆடத் தோதா வைக்கிற எண் அது, கேபினெட்டை அளந்து வந்ததில்லை.

தச்சுமேசை:
கியர் அங்க வெறும் பட்டன் கணக்கில் போயிடும். எனக்கு எரிச்சலே அதுலதான். அவுட்ரனில் கியர் ஒரு லீவர், லோவில் விட்டா லோவிலேயே நிக்கும், ஹையில் விட்டா ஹையிலேயே நிக்கும். எமுலேட்டரோ அதை ஒரு அழுத்துக்கு ஒரு மாத்துன்னு வச்சிருக்கு. இது தெரியாம நான் தேக்குப் பிடி போட்டு, மைக்ரோ சுவிட்ச் வச்சு நிஜ லீவர் செஞ்சேன். மேலே தள்ளினா ஹை வருது. கீழே இழுத்தா ஒண்ணும் நடக்கல. மறுபடி மேலே தள்ளினா லோ வருது! சுவிட்ச்தான் போச்சுன்னு ரெண்டு தடவை மாத்தினேன். ‘கியர் 2’க்குப் பக்கத்தில் ‘லீவர் நிக்கும்’னு ரெண்டே வார்த்தை இருந்திருந்தா ஒரு ஞாயித்துக்கிழமை மிஞ்சியிருக்கும்.

சேஸ் ஹெச்க்யூ (டைட்டோ, 1988) எடுத்துக்கோங்க. டர்போ பட்டன் கியர் லீவரோட தலையிலேயே இருக்கும். ஸ்பை ஹன்டரில் (1983) துப்பாக்கி, எண்ணெய், புகை எல்லாம் கையில் பிடிக்கிற யோக்கிலேயே (விமானத்து ஸ்டியரிங் மாதிரி இருக்கும்). பட்டன் எத்தனைன்னு எண்ணினா மட்டும் போதாது, எங்க இருந்ததுன்னும் வேணும். டர்போவுக்காக வீலிலிருந்து கையை எடுக்கணுமா வேண்டாமாங்கறதுதான் ஆட்டமே.

ரோம்தேடி:
இதெல்லாம் கேபினெட் கட்டுற உங்களை மாதிரி நாலு பேர் கவலை. மத்தவங்க கேம்பேடில் ஆடறாங்க.

தச்சுமேசை:
கேம்பேடில் ஆடறவனுக்குப் பட்டியலே தேவையில்லையே தம்பி. பட்டியல் வேணும்னு வர்றவனே அந்த நாலு பேர்தான்.

பெடல்பாண்டி:
சரி, இறங்கி வர்றேன். ‘வீல் முட்டுமா, சுத்துமா’ன்னு ஒரு கட்டம். ‘லீவர் நிக்குமா’ன்னு ஒரு கட்டம். பட்டன் எங்கேங்கறதைக் குறிப்பில் போட்டுக்கலாம். கேபினெட்டுக்கு ஒரு வரிங்கறதை மட்டும் ஒத்துக்க மாட்டேன். பெரும்பாலான கேமுக்கு ஒரே வரி தாராளமாப் போதும்.

சுற்றுவீல்:
ஹார்ட் டிரைவின் வரியை எழுதிக் காட்டுங்க அண்ணே. ஒரே வரியில்.

பெடல்பாண்டி:
ஹார்ட் டிரைவின், அடாரி, 1989: வீல் உண்டு, மோட்டார் எதிர்த்து இழுக்கும். ஆக்சிலரேட்டர், பிரேக், கிளட்ச், ஆக பெடல் 3. கியர் 4, நடுவில் நியூட்ரல். வண்டியைக் கிளப்ப நிஜமாவே ஒரு சாவி. எங்கய்யா அடங்கல?

சுற்றுவீல்:
‘முட்டுமா, சுத்துமா’ கட்டத்தைக் காணோம்.

பெடல்பாண்டி:
பார்த்துட்டு வர்றேன்.

பெடல்பாண்டி:
காக்பிட்டில் பாட். காம்பேக்ட் கேபினெட்டில் ஸ்டியரிங்கைப் படிக்கிற முறையே வேற, அங்க என்கோடர், அதாவது நகர்வை மட்டும் எண்ணுற வகை. வரியை ரெண்டாப் பிரிச்சுட்டேன், போதுமா? மஸ்டாவுக்கு மட்டும் பிரிக்க மாட்டேன்.