ஸ்டீம் ப்ளோயிங்குக்கு முன் வால்வுகளைத் தயார் செய்தல்: உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

வால்வு சர்வீஸ், திருச்சி:

புது பாய்லர் வேலை முடிந்து, டர்பைனுக்கு நீராவி விடுவதற்கு முன்னால், குழாய்களுக்குள் நீராவியை வேகமாக ஊதி அழுக்கை வெளியேற்றும் ஸ்டீம் ப்ளோயிங் செய்யும் இடத்தில் நின்றவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். ப்ளோயிங் என்றாலே பாய்லர் டிரம் பிரஷர், வெளியே வரும் ஆவியில் தூசி இருக்கிறதா என்று காட்டும் டார்கெட் பிளேட், காதைப் பிளக்கும் சத்தம், இவைதான் பேச்சாக இருக்கும். நீராவி போகும் வழியில் உட்கார்ந்திருக்கும் வால்வுகளை என்ன செய்தோம் என்று யாரும் விரிவாக எழுதி நான் பார்த்ததில்லை. ஆனால் பின்னால் வரும் தொந்தரவில் பெரும்பகுதி அங்கேதான் பிறக்கிறது. அதனால் நானே தொடங்குகிறேன்.

அடிப்படையிலிருந்து சொல்லிவிடுகிறேன், புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் பயன்படும். ஆசிட் கிளீனிங்கில் பாய்லரின் தண்ணீர்ப் பக்கமான வாட்டர் வாலும் எகனாமைசரும் சுத்தமாகும். நீராவியை மேலும் சூடாக்கும் சூப்பர்ஹீட்டருக்குள் ஆசிட் போய்விடக்கூடாது என்று அதில் உப்பு நீக்கிய டிஎம் தண்ணீரை நிரப்பி வைப்பதுதான் வழக்கம். ஆகவே சூப்பர்ஹீட்டருக்கும் மெயின் ஸ்டீம் லைனுக்கும் ஸ்டீம் ப்ளோயிங்தான் கதி. உள்ளே மில் ஸ்கேல், வெல்டிங் ஸ்லாக், கிரைண்டிங் தூள், வெல்டிங் ராடு துண்டு, சமயத்தில் கையுறையே கூடக் கிடக்கும். அதையெல்லாம் வெளியே தள்ள வேண்டுமானால், முழு லோடில் நீராவி குழாய்ச் சுவரை இழுக்கும் விசையைவிட ப்ளோயிங்கில் விசை அதிகமாக இருக்க வேண்டும். டிஸ்டர்பன்ஸ் ஃபேக்டர் 1-க்கு மேல் என்று சொல்வது இதைத்தான். யோசித்துப் பாருங்கள்: அந்த வால்வு தன் ஆயுளில் பார்க்கப்போகும் மிகக் கடுமையான ஓட்டம், மிக அழுக்கான ஓட்டம், இரண்டும் ஒரே நாளில் வருகிறது. அதுவும் வேலைக்குச் சேரும் முன்பே.

எனவே வழியில் இருக்கும் ஒவ்வொரு வால்வைப் பற்றியும் தனித்தனியாக ஒரு முடிவு எடுக்க வேண்டும். உள் பாகம் அப்படியே இருக்குமா, கழற்றி எடுக்கப்படுமா, வால்வுக்குப் பதிலாகத் துண்டுக் குழாய் போடப்படுமா? பொதுவாக ஒரு விதி சொல்லி முடித்துவிட முடியாது.

ஒரு பக்கம் மட்டும் ஓட்டம் விடும் நான்-ரிட்டர்ன் வால்வின் கதவைக் கழற்றியே ஆக வேண்டும். ப்ளோயிங் ஓட்டத்தில் அது படபடவென்று அடித்து ஹிஞ்ச் பின்னைத் தின்றுவிடும். கன்ட்ரோல் வால்வில் கேஜ் (துளைகள் உள்ள கூண்டு) இருந்தால் அதன் சிறு துளைகளில் ஸ்லாக் போய் அடைந்துகொள்ளும். கேஜை எடுத்துவிடுங்கள், முடிந்தால் வால்வையே பிறகு போடுங்கள். ஃப்ளோ நாசில், ஆரிஃபிஸ் பிளேட் எதுவும் அப்போது லைனில் இருக்கக்கூடாது. டர்பைன் ஸ்டாப் வால்வுக்குத் தயாரிப்பாளரே ப்ளோயிங் கிட் தருவார். உள்ளே இருக்கும் டிஸ்க், ஸ்பிண்டில், ஸ்டீம் ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி) எல்லாம் வெளியே வரும். சீட்டின் மேல் ஒரு காப்பு வளையம் உட்காரும், டர்பைன் பக்கம் அடைக்கப்படும், மேல் மூடி இருந்த இடத்திலிருந்து ஆவியை வெளியே விடும் டெம்பரரி பைப் கிளம்பும். அந்தக் காப்பு வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஃபீலர் கேஜ் வைத்துச் சுற்றிலும் பாருங்கள். ஒரு பக்கம் இடைவெளி இருந்தாலும் தூசி அதன் அடியில் நுழைந்து சீட்டின் ஸ்டெல்லைட் (கடின உலோகக் கலவை) முகத்தைக் கீறிவிடும். அப்புறம் எவ்வளவு லேப்பிங் செய்தாலும் (தேய்த்துச் சமப்படுத்தினாலும்) அந்த வால்வு பாசிங்தான், மூடினாலும் ஒழுகும்.

மெயின் ஸ்டீம் ஸ்டாப் வால்வு பெரும்பாலும் கேட் வால்வு. முழுக்கத் திறந்துவிட்டால் டிஸ்க் மேலே பானட்டுக்குள் (வால்வின் மேல் மூடிக்குள்) ஏறிவிடும், வழி முழுசாகக் கிடைக்கும். அதனால் அதைக் கழற்றத் தேவையில்லை. ஆனால் நிபந்தனை ஒன்று உண்டு. முழுக்கத் திறந்தபின் வால்வை இயக்கும் ஆக்சுவேட்டரின் சப்ளையை எடுத்துப் பூட்டிவிட வேண்டும். பாதி திறந்த கேட் வால்வில் ப்ளோயிங் ஓட்டம் போனால் டிஸ்கின் அடி விளிம்பும் சீட்டும் சேர்ந்தே போகும்.

இதைவிட மோசமான ஒரு பழக்கத்தைச் சிறிய ஆலைகள் சிலவற்றில் பார்த்திருக்கிறேன். டெம்பரரி பைப்பில் தனியாக ஒரு ப்ளோயிங் வால்வு வாங்கிப் போட்டால் செலவு என்று சொல்லி, மெயின் ஸ்டாப் வால்வையே ஒவ்வொரு பஃபுக்கும் (ஒருமுறை ஆவி ஊதுவதற்கும்) திறந்து மூடுகிறார்கள். ப்ளோயிங் வால்வு தேய்வதற்கென்றே போடுகிற வால்வு. மெயின் ஸ்டாப் வால்வு முப்பது வருஷம் ஓட வேண்டியது. இந்த ஒரு விஷயத்தில் நான் யாரோடும் சமாதானமாகப் போனதில்லை.

ப்ளோயிங் முடிந்ததும் அந்த மெயின் கேட் வால்வைத் திறந்து பார்க்கச் சொல்வேன். கேட் வால்வில் இரண்டு சீட்டுக்கும் நடுவே அடியில் ஒரு பள்ளம் இருக்கும். வேகமாகப் போகும் நீராவி அந்தப் பள்ளத்தைத் தொடுவதில்லை. ஒரு பேப்பர் மில்லில் டார்கெட் பிளேட் பளபளவென்று வந்துவிட்டது, எல்லோரும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. பானட்டை எடுத்து, டார்ச் அடித்து, கையை உள்ளே விட்டு வழித்தால் உள்ளங்கை நிறையக் கறுப்பு ஸ்கேல், விரல் நீளத்தில் ராடு துண்டுகள், முறுக்கிய பைண்டிங் கம்பி. அவ்வளவும் அடுத்து வால்வு மூடும்போது சீட்டில் சிக்கும், இல்லையென்றால் டர்பைனுக்குப் போகும்.

உங்கள் பக்கத்தில் நடந்ததையும் எழுதுங்கள்.

கோஜென் கமிஷனிங்:

நல்ல தொடக்கம் சார். நான் சர்க்கரை ஆலை கோஜென் (ஆவியும் மின்சாரமும் சேர்த்துத் தரும்) பாய்லர்களில் வேலை பார்த்தவன், பிரஷர் 67 கிலோவும் 110 கிலோவும்.

நீங்கள் சொன்னவை நீராவி பாயும் பாதையில் இருக்கும் வால்வுகள். பாதையில் இல்லாத ஒரு வால்வைப் பற்றி நான் சொல்கிறேன், சேஃப்டி வால்வு. தண்ணீர் நிரப்பி அழுத்திப் பார்க்கும் ஹைட்ரோ டெஸ்டில் அழுத்தம் டிசைன் பிரஷரைப்போல் ஒன்றரை மடங்கு ஏறும். அப்போது சேஃப்டி வால்வு தூக்கிவிடாமல் இருக்க கேக் (ஸ்பிண்டிலை அழுத்திப் பிடிக்கும் ஸ்குரூ) போடுவோம், சில வகைகளில் டிஸ்குக்கு அடியில் ஹைட்ரோ பிளக் வைப்போம். டெஸ்ட் முடிந்ததும் அதை எடுக்க வேண்டும். யார் எடுப்பது? ஹைட்ரோ செய்த எரெக்ஷன் குரூப் அடுத்த யூனிட்டுக்குப் போயிருக்கும். கமிஷனிங் குரூப் இப்போதுதான் வந்திருக்கும்.

ஓர் ஆலையில் பாய்லரில் தீ மூட்டும் லைட்-அப் பெர்மிட்டில் கையெழுத்துக் கேட்டு வந்தார்கள். வழக்கம்போல டிரம் மேல் ஏறிப் போனேன். டிரம் சேஃப்டி வால்வு இரண்டும் சரி. சூப்பர்ஹீட்டர் சேஃப்டி வால்வின் தொப்பி மட்டும் மற்றதைவிட ஒரு விரற்கடை உயரமாக இருந்தது. தொப்பியைக் கழற்றச் சொன்னேன். கேக் ஸ்குரூ ஸ்பிண்டில் தலையை அழுத்திக்கொண்டு அப்படியே நிற்கிறது. ரிஜிஸ்டரில் ‘கேக் நீக்கப்பட்டது’ என்று எழுதி, தேதியும் போட்டிருந்தது. ப்ளோயிங்கில் டிரம் பிரஷரை ஏற்றி ஏற்றி இறக்குகிறோம். ப்ளோயிங் வால்வு திறக்காமல் மாட்டிக்கொண்டு, உள்ளே தீயும் எரிந்துகொண்டிருந்தால் அந்தச் சேஃப்டி வால்வுதான் கடைசிக் காவல். கேக், பிளக் எல்லாவற்றையும் மேஜைமேல் கொண்டுவந்து எண்ணி வைத்தால்தான் கையெழுத்து என்று சொல்லிவிட்டேன். லைட்-அப் மறுநாள் போனது. மேலே இருப்பவர்களுக்குக் கோபம்தான். அதற்கப்புறம் எந்த ஆலைக்குப் போனாலும் கேக் எண்ணிக்கையைத்தான் முதலில் கேட்கிறேன்.

இன்னொன்று, டிரெயின் வால்வுகள். டெம்பரரி பைப்பில் தாழ்வான இடம் எங்கே வருகிறது என்று டிராயிங்கில் மட்டும் பார்க்காதீர்கள், லைனோடு நடந்து பாருங்கள். சைட்டில் வளைவு மாறியிருக்கும். அந்தத் தாழ்வில் டிரெயின் இல்லையென்றால் சூடேற்றும்போது தண்ணீர் சேர்ந்து, பஃப் விட்டதும் மொத்தமாக எழுந்து முதல் வளைவில் அடிக்கும். பைபாஸ் வால்வை மெதுவாகத் திறந்து லைனைச் சூடாக்கி, டிரெயினில் தண்ணீர் நின்று வெறும் ஆவி வரும்வரை ப்ளோயிங் வால்வில் யாரும் கை வைக்கக்கூடாது.

பஃபிங்கில் எவ்வளவு இறக்கலாம் என்று புதியவர்கள் கேட்பார்கள். எங்கள் கணக்கு வெப்பநிலையில் வரும். டிரம்மில் சாச்சுரேஷன் டெம்பரேச்சர் (அந்த பிரஷரில் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை) சுமார் 42 டிகிரி செல்சியஸுக்கு மேல் விழக்கூடாது. 60 பாரில் அது ஏறக்குறைய 275 டிகிரி, 30 பாரில் 234. ஆக 60-இல் திறந்தால், பிரஷர் 30-க்குக் கீழே போகுமுன் வால்வு மூடி முடித்திருக்க வேண்டும். மோட்டார் வால்வு மூடிக்கொண்டிருக்கும் நேரத்திலும் பிரஷர் விழுந்துகொண்டேதான் இருக்கும். அதனால் அந்த வால்வு திறக்க, மூட எத்தனை விநாடி எடுக்கிறது என்று முன்பே குளிர்ந்த நிலையில் ஓட்டிப் பார்த்து எழுதி வைப்பதும் வால்வு தயாரிப்பில் சேர்ந்ததுதான்.

பாய்லர் ஃபிட்டர், இப்போது சவூதி ஜுபைல்:

அண்ணா, பிரஷர் சீல் பானட் பற்றி நான் சொல்கிறேன், அதுதான் என் வேலை.

பிரஷர் சீல் வால்வில் பானட்டை மேலே பிடித்து வைத்திருப்பது நான்கு துண்டு செக்மென்ட் ரிங். கழற்ற வேண்டுமானால் புல்-அப் போல்ட்டைத் தளர்த்தி, பானட்டைக் கீழே தட்டி இறக்க வேண்டும். அப்புறம் பாடியில் இருக்கும் சின்னத் துளை வழியாகப் பின்னை விட்டுத் தள்ளினால் ஒவ்வொரு துண்டாக வெளியே வரும். அந்த நான்கும் ஒன்றுபோலத்தான் தெரியும், ஆனால் இடம் மாற்றிப் போட்டால் கடைசித் துண்டு நுழையாது. எடுக்கும்போதே பஞ்ச் அடித்து நம்பர் வைத்துவிடுங்கள்.

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த சார்ஜ்மேனிடம் பார்த்தது ஒன்று இன்னும் மறக்கவில்லை. நெய்வேலிப் பக்கத்து ஆள், அதிகம் பேச மாட்டார். ஹைட்ரோ முடிந்த லைன், இரண்டு பக்கமும் டிரெயின் திறந்தாகிவிட்டது, கேஜ் பூஜ்யம் காட்டுகிறது. வால்வு மூடிய நிலையில் இருந்தது. நான் ஸ்பேனரோடு மேலே ஏறிவிட்டேன். அவர் இறங்கச் சொல்லிவிட்டு, ஹேண்ட் வீலைப் பிடித்து மெதுவாகக் கொஞ்சம் திறந்தார். கீழே டிரெயினில் குபீரென்று தண்ணீர் பீய்ச்சி அடித்தது. இரண்டு சீட்டும் நன்றாக அடைத்துக்கொண்டதால் நடுவில் பானட்டுக்குள் ஹைட்ரோ பிரஷர் அப்படியே நின்றிருக்கிறது. லைன் கேஜுக்கு அது தெரியவே தெரியாது. நான் பானட்டைத் தட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. அன்றிலிருந்து எந்தக் கேட் வால்வைப் பிரிப்பதானாலும் முதலில் சீட்டிலிருந்து டிஸ்கைத் தூக்கிவிட்டுத்தான் தொடுவேன்.

வால்வைப் பிரிக்காமல் அதே தண்ணீரை அப்படியே உள்ளே வைத்துச் சூடேற்றினால் இன்னும் ஆபத்து. உள்ளே அடைபட்ட தண்ணீர் விரிய இடமில்லாமல் பிரஷர் எங்கேயோ போய்விடும், டிஸ்க் இறுகி மோட்டார் திறக்க முடியாமல் டிரிப் ஆகும். டிஸ்கில் பாய்லர் பக்கத்துத் துளையோ பானட்டுக்குச் சின்ன பைபாஸோ இருந்தால் பிரச்சினை இல்லை. உங்கள் வால்வில் அது இருக்கிறதா என்று டிராயிங்கைப் பாருங்கள்.

திரும்பப் போட்டபின், பிரஷர் ஏற ஏறப் புல்-அப் போல்ட்டை மறுபடி இறுக்க வேண்டும். பிரஷர் பானட்டை மேலே தள்ளி கிராஃபைட் ரிங்கை நசுக்குவதால் போல்ட் லூசாகிவிடும். இதை விட்டுவிட்டு பானட் லீக் என்று வால்வு கம்பெனியைக் குறை சொல்பவர்கள் நிறைய.

சேஃப்டி ஆபீசர்:

எல்லோரும் நீராவி பாயும் நேரத்தைச் சொல்கிறீர்கள். என் கவலை இரண்டு பஃபுக்கு நடுவில் இருக்கும் அமைதியான நேரம். அப்போதுதான் ஒருவர் போய் டார்கெட் பிளேட்டை மாற்றுகிறார். அவருக்கும் பாய்லருக்கும் நடுவே ப்ளோயிங் வால்வு ஒன்றுதான் மூடியிருக்கும். கன்ட்ரோல் ரூமில் யாரோ ஒரு பட்டனைத் தொட்டால் போதும். எனவே அந்த வால்வின் பிரேக்கரை எடுத்து, பிளேட் மாற்றுகிறவர் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொண்டுதான் போக வேண்டும். முன்னால் இருக்கும் ஸ்டாப் வால்வையும் மூடி, இரண்டுக்கும் நடுவே டிரெயினைத் திறந்து வைத்தால் இன்னும் நல்லது. அப்படி மூடிய ஸ்டாப் வால்வு அடுத்த பஃபுக்கு முன் முழுக்கத் திறந்து பூட்டப்பட்டதா என்பதையும் அதே ஆள் பார்க்க வேண்டும். நேரமாகிறது என்று அவசரப்படுத்துவார்கள். நான் விட்டதில்லை.

குழாய் சுத்தம் செய்வதை வெறும் எரெக்ஷன் வேலையாக நினைப்பவர்களுக்கு 2010 பிப்ரவரி 7-ஐ நினைவுபடுத்துவேன். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் மிடில்டவுனில், கட்டி முடியும் நிலையில் இருந்த மின் நிலையத்தில் எரிவாயுக் குழாயை அந்த எரிவாயுவையே உயர் அழுத்தத்தில் ஊதிச் சுத்தம் செய்தார்கள். வெளியே வந்த வாயு தீப்பிடித்து வெடித்து 6 தொழிலாளர்கள் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். காற்றை வைத்து ஊதியிருக்கலாம். அதன் பிறகுதான் அங்கே எரிவாயுக் குழாய்ச் சுத்தத்துக்கென்றே அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 56 என்ற தரவிதி வந்தது. நம்மிடம் நீராவி தீப்பிடிக்காது என்பது உண்மைதான். ஆனால் சூப்பர்ஹீட் ஆன நீராவி கசிந்தால் கண்ணுக்கே தெரியாது, டெம்பரரி பைப்பின் சப்போர்ட் பிடுங்கிக்கொண்டால் ஆவி பாயும் எதிர்விசையை நிறுத்த ஆள் கிடையாது.

வால்வு சர்வீஸ், திருச்சி:

சேஃப்டி வால்வையும் பானட்டில் நிற்கும் பிரஷரையும் நான் விட்டிருந்தேன், இரண்டு பேருக்கும் நன்றி.

தனிச்செய்தியில் ஒரு தம்பி, கழற்றிய பாகங்களை எப்படிப் பாதுகாப்பது என்று கேட்டிருக்கிறார். வால்வுக்கு ஒரு மரப்பெட்டி, பெட்டிமேல் வால்வின் டேக் நம்பர். டிஸ்க், ஸ்பிண்டில், ஹிஞ்ச் பின், நட் எல்லாம் அதே பெட்டியில். சீட்டோடு உரசும் முகங்களில் துருத் தடுப்பு எண்ணெய் தடவி, மெழுகுத் தாளில் சுற்றி ஸ்டோருக்குள் வைக்க வேண்டும். பாய்லர் பக்கத்தில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தால் பத்து நாளில் ஆள் ஆளுக்கு நட்டை எடுத்துப் போயிருப்பார்கள். திரும்பப் போடும் நாளில் பள்ளத்தை வேக்யூம் செய்து, சீட்டை பஞ்சு உதிராத துணியால் துடைத்து, டிஸ்கில் ப்ளூ (நீல மை) தடவி ஒட்டிப் பாருங்கள். நீலக்கோடு சுற்றிலும் அறுபடாமல் வர வேண்டும். அறுந்திருந்தால் அங்கேயே லேப்பிங். கேஸ்கெட்டும் கிராஃபைட் ரிங்கும் புதிது, பழையதைத் திரும்பப் போட வேண்டாம். நான்-ரிட்டர்ன் வால்வின் கதவு சரியான பக்கம் பார்க்கிறதா என்று மூடியைப் போடுமுன் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

டர்பைன் ஸ்டாப் வால்வின் ஸ்ட்ரெய்னரை மட்டும் கடைசியில் வையுங்கள், கிட் மொத்தமும் வெளியே வந்து எண்ணிக்கை சரியான பிறகு.